கவரிங் செயின் உழைக்க வேண்டுமென்றால் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருவதால் தங்கச் செயினை லாக்கரில் வைத்துவிட்டுக் கவரிங்தான் போடுகிறேன். இரண்டு வருடத்தில் மூன்று செயின் வாங்கிவிட்டேன். முதலில் 350 ரூபாய்க்குச் சாதாரணக் கவரிங், அடுத்தது 700 ரூபாய்க்கு ‘ஒரு கிராம் கோல்டு’, கடைசியாக ஆன்லைனில் 950 ரூபாய்க்கு ‘மைக்ரோ பிளேட்டிங், 2 மைக்ரான்’. மூன்றுமே நாலு மாதத்துக்குள் பின்கழுத்துப் பக்கம் கறுத்துவிட்டன. “உனக்கு உடம்புச் சூடு, எதைப் போட்டாலும் கறுக்கும்” என்கிறார் மாமியார். கவரிங் தோடு போட்டால் காதும் அரிக்கிறது. ஒரு செயின், தோடு, வளையல் எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள், கொஞ்ச காலம் உழைக்கிற மாதிரி எதை வாங்கலாம்? தை மாதம் தங்கை கல்யாணத்துக்கு எனக்கு ஒரு செட்டும் வேண்டும். பழைய மூன்று செயினை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் நகைக்கடைக்காரன் இல்லை. முலாம் பூசும் பட்டறை நடத்துகிறவன். அதனால் கடையில் உங்களுக்குச் சொல்லும் பெயர்களைவிட, அந்த நகை முலாம் தொட்டிக்குள் எவ்வளவு நேரம் இருந்தது என்பதில்தான் எனக்குக் கவனம் போகும். அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

மாமியார் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். உடம்புச் சூட்டால் நகை கறுப்பதில்லை. 37 டிகிரி சூடு செம்பையும் ஒன்றும் செய்யாது, தங்கத்தையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அவர் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு செயினில் ஒன்று அக்காவுக்கு ஒரு வருடம் வரும், தங்கைக்கு இரண்டே மாதத்தில் போய்விடும். காரணம் வியர்வை. அதில் உப்பு இருக்கிறது, லாக்டிக் அமிலம் இருக்கிறது. சிலருக்கு வியர்வையில் புளிப்புத்தன்மை கூடுதல், சிலருக்கு அளவே கூடுதல். கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு போய், நாள் முழுக்கக் காற்றாடாத வகுப்பில் பாடம் எடுத்து, பின்னல் மூடிய கழுத்தில் செயின் கிடந்தால் பின்கழுத்துப் பக்கம் முதலில் கறுப்பதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை, தைரியமாக இருங்கள்.

அடுத்து, கறுப்பது தங்கம் இல்லை. தங்கம் வியர்வைக்கு அசையாது. அடியில் இருக்கும் செம்போ பித்தளையோதான் மேலே எட்டிப் பார்க்கிறது. அது மூன்று வழியில் நடக்கும். எந்த வழியில் நடந்தது என்று உங்கள் பழைய செயினே சொல்லும். ஒன்றைக் கையில் எடுத்து, பகல் வெளிச்சத்தில் வைத்து, போன் கேமராவை நன்றாகப் பெரிதாக்கிப் பின்கழுத்துப் பக்கத்துக் கண்ணிகளைப் பாருங்கள்.

ஒரு கண்ணி அடுத்த கண்ணியைத் தொடும் உள்வளைவில் மட்டும் செம்பு நிறம் தெரிந்து, வெளிப்பக்கம் மஞ்சளாகவே இருந்தால் அது தேய்மானம். முலாம் உரசி உரசிப் போய்விட்டது. மேல்பரப்பு முழுக்க ஊசி குத்தியது போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் முலாமில் துளைகள் இருந்திருக்கின்றன. மெல்லிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இல்லாமல் இருக்கவே இருக்காது. அதன் வழியாக வியர்வை உள்ளே இறங்கும். தங்கமும் செம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடந்தால் செம்பு தனியாக இருப்பதைவிட வேகமாக அரிக்கும். அதாவது மோசமான முலாம், முலாமே இல்லாததைவிடச் சில சமயம் கெடுதல். மூன்றாவது, புள்ளி எதுவும் இல்லாமல் செயின் முழுக்க ஒரே சீராக மங்கிப் பழுப்பேறியிருந்தால், அடிச்செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி மேலே வந்திருக்கிறது. இது போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் நடக்கும். ‘ஒரு தடவைகூடப் போடவில்லை, எப்படிக் கறுத்தது’ என்று கேட்டு வருகிறவர்களின் நகையில் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

இந்த ஊடுருவலைத் தடுக்கத்தான் செம்புக்கும் தங்கத்துக்கும் நடுவில் நிக்கல் ஒரு பூச்சுப் போடுகிறோம். நிக்கல் இருந்தால் நிறம் நிற்கும். ஆனால் உங்கள் காது அரிப்புக்கும் அநேகமாக அதே நிக்கல்தான் காரணம். இந்தச் சிக்கலுக்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது பெயர்கள். கவரிங், ஒரு கிராம், மைக்ரோ, ரோல்டு கோல்டு என்று என்ன பெயர் சொன்னாலும் இன்று நம் ஊரில் விற்பதில் ஏறக்குறைய எல்லாமே தொட்டியில் மின்சாரம் விட்டுப் பூசிய முலாம்தான். ரோல்டு கோல்டு என்பது ஒரு காலத்தில் வேறாக இருந்தது. தங்கத் தகட்டை மட்ட உலோகத்தோடு சேர்த்து அழுத்தி உருட்டி எடுப்பார்கள். அமெரிக்காவில் இன்றும் ‘கோல்டு ஃபில்டு’ என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு அந்தத் தங்கத் தகடு இருக்க வேண்டும். இங்கே அந்தப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. சிதம்பரம் ஆனாலும், ஆந்திராவில் மச்சிலிப்பட்டினத்தை ஒட்டிய சிலகலபூடி ஆனாலும், ராஜ்கோட் ஆனாலும் பட்டறைக்குப் பட்டறை தரம் மாறும். ஊர்ப் பெயரை நம்பி வாங்குவதில் அர்த்தமில்லை.

‘ஒரு கிராம்’ என்றால் அந்தச் செயினில் ஒரு கிராம் தங்கம் இருக்கிறது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் தாண்டிப் போய்விடாதீர்கள், இந்தப் பதிலில் உங்களுக்குக் காசு மிச்சம் பண்ணித் தரப்போவது இந்த இடம்தான்.

24 இஞ்ச் நீளமுள்ள, ரொம்ப மெலிசும் இல்லாத தடிமனும் இல்லாத ஒரு செயினின் மேல்பரப்பு ஏறத்தாழ 60 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனமே 70 மைக்ரான் அளவில் இருக்கும். இந்தச் செயின் முழுக்க 1 மைக்ரான் கனத்தில் தங்கம் பூச 116 மில்லிகிராம் தங்கம் வேண்டும். கிராம் 10,000 ரூபாயைத் தாண்டிவிட்ட இன்றைய விலையில் தங்கத்துக்கு மட்டும் 1,160 ரூபாய்க்கு மேல். இதோடு செம்பு, செய்கூலி, மருந்து, கரண்ட், கடைக்காரர் லாபம் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் 950 ரூபாய்க்கு 2 மைக்ரான் என்று உங்களுக்கு விற்றவர் தங்கத்துக்கே 2,300 ரூபாய்க்கு மேல் செலவு செய்து, நஷ்டத்துக்குத் தர்மம் செய்திருக்க வேண்டும். செய்திருக்க மாட்டார்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அந்தச் செயினில் நிஜமாகவே ஒரு கிராம் பூசினால் எட்டரை மைக்ரான் வரும், விலை பத்தாயிரத்தில் ஆரம்பிக்கும். 700 ரூபாய் ‘ஒரு கிராம்’ செயினில் 0.1 மைக்ரான் இருந்திருந்தால் அதுவே கௌரவமான அளவு, அதில் தங்கம் நூற்றுச்சொச்சம் ரூபாய்க்கு. 350 ரூபாய்ச் செயினில் அதுவும் இருந்திருக்காது. தொட்டியில் சில வினாடிகள் முக்கி எடுத்த நிறம் அது. மூன்று தடவையும் உங்களுக்கு மாறியது பெயர்தான், முலாமின் கனம் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் மூன்றும் ஒரே மாதிரி நாலு மாதத்தில் போயிருக்கின்றன.

ஆகவே செயின் வாங்கும்போது மனதில் வைக்க வேண்டியது இது: தினசரி உபயோகத்துக்கு அரை மைக்ரானாவது வேண்டும். அந்த அளவுக்குத் தங்கச் செலவு மட்டும் 600 ரூபாய் பக்கம் போகும் என்றால், ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைந்து அது கடையில் கிடைக்க வழியில்லை. விலை கூடினால் கனம் கூடும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் விலை இதற்குக் கீழே இருந்தால் கனம் இல்லை என்பது மட்டும் உறுதி.

சரி, உங்கள் 5,000 ரூபாய்க்கு வருவோம். என் தொழிலுக்கு எதிராகவே ஒன்று சொல்கிறேன். பள்ளிக்குப் போட்டுக்கொள்ளும் செயினுக்கு முலாம் நகையே வேண்டாம். ‘316எல்’ என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ‘பிவிடி’ முறையில் நிறம் ஏற்றிய செயின்கள் இப்போது நிறைய வருகின்றன. ஆன்லைனில் ‘ஆன்டி டார்னிஷ்’, அதாவது கறுக்காதது என்று விற்பதில் ஒரு பகுதி இதுதான். பிவிடி என்பது காற்றை வெளியேற்றிய அறைக்குள் உலோக ஆவியைப் படிய வைக்கும் முறை. அந்தத் தங்க நிறம் பெரும்பாலும் டைட்டேனியம் நைட்ரைடு. அதில் தங்கம் இல்லாமலேகூட இருக்கும். ஆனால் கல் மாதிரிக் கெட்டியான பூச்சு, அடியில் இருப்பதோ கறுக்காத ஸ்டீல். வியர்வைக்கும் உரசலுக்கும் முலாமைவிடப் பல மடங்கு தாங்கும். ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். விளம்பரத்தில் ‘316எல்’, ‘பிவிடி’ என்ற இரண்டும் தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் ‘18 காரட் பிளேட்டட், ஆன்டி டார்னிஷ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பித்தளையாகவும் இருக்கலாம்.

இதில் குறையும் உண்டு. நிறம் நம் 22 காரட் மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் வெளிறித் தெரியும். முறுக்குச் செயின், கோதுமைச் செயின் மாதிரி நம் ஊர் வேலைப்பாடுகள் குறைவு. அறுந்தால் நம் பத்தரிடம் ஊதிப் பற்ற வைத்துக்கொள்ள முடியாது, திரும்ப முலாம் போடவும் சாதாரணப் பட்டறையில் எடுக்க மாட்டார்கள். போனால் போனதுதான். பள்ளிக்குப் போட இது போதும்.

வெள்ளி செவ்வாய் கோயிலுக்கு, விசேஷத்துக்கு என்று நம் ஊர் டிசைனில் ஒன்று வேண்டும் இல்லையா, அதற்கு 1,800 முதல் 2,200 வரை ஒதுக்குங்கள். ஆன்லைனில் வேண்டாம். மாயவரத்திலோ சிதம்பரத்திலோ நேரில் போய், திரும்பவும் போய் நின்று கேட்கக்கூடிய கடையில் வாங்குங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். அடியில் செம்பா, பித்தளையா? செம்பு கேளுங்கள். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் சேர்ந்து தொல்லை கொடுக்கும், தவிர மறுமுலாமுக்குச் செம்பு நன்றாக ஏற்கும். அடியில் நிக்கல் போட்டதா? செயின் என்றால் போட்டது நல்லது, உங்களுக்குக் கழுத்தில் அரிப்பு இல்லாத வரை. ‘ஆறு மாதம் கியாரண்டி’ என்றால் கறுத்தால் புதுசு தருவீர்களா, பாலிஷ் போட்டுத் தருவீர்களா, பாதி விலைக்கு எடுத்துக்கொள்வீர்களா? மூன்றுக்கும் விலை வேறு. எதுவானாலும் பில்லில் எழுதி வாங்குங்கள். “அதெல்லாம் வாய்ச்சொல்தான் அக்கா, நம்பி எடுத்துட்டுப் போங்க” என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். ஆன்லைனில் அச்சடித்த மைக்ரான் எண்ணைவிடத் தெருக்கோடிக் கடைக்காரர் கையால் எழுதிய ஒரு வரிக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அவர் பட்டறையில் இரண்டு முக்கு கூடுதலாக முக்கச் சொல்வது அந்த வரிக்குப் பயந்துதான்.

கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டுவது போதும். செயின் நன்றாக ஒட்டினால் அடியில் இரும்பு, வாங்காதீர்கள். கொக்கி மட்டும் ஒட்டினால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எஃகு. கண்ணிகளை ஊதிய இடங்களைப் பாருங்கள், ஈயம் வழிந்த மாதிரிச் சாம்பல் நிறத் திட்டு இருந்தால் முலாம் அங்கிருந்துதான் உரியும். டிசைனில், மெல்லிய கண்ணிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று உரசும் செயினைவிடப் பெரிய கண்ணி, உருண்டையான விளிம்பு உள்ளது கூடுதலாக உழைக்கும். பளபளப்பைவிட மேட் ஃபினிஷ், ஆன்டிக் என்று சொல்கிற கறுப்போட்டிய வேலைப்பாடு நல்லது. தேய்ந்தாலும் கறுத்தாலும் அதன் அழகோடு சேர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது.

916 முத்திரை, ஹால்மார்க் என்று கவரிங்கில் எதையாவது காட்டினால் அங்கே நிற்காதீர்கள். பிஐஎஸ் ஹால்மார்க் தங்கத்துக்கும் வெள்ளிக்கும்தான், முலாம் நகைக்குக் கிடையாது. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் தங்க நகைக்கு எழுத்தும் எண்ணுமாக ஆறு இடமுள்ள ஹெச்யுஐடி என்ற தனி அடையாளக் குறி கட்டாயம். கவரிங்கில் 916 என்று அடித்திருந்தால் யாரையோ ஏமாற்றத்தான் அடித்திருக்கிறார்கள். அதே போல ‘ஐம்பொன்’ என்று நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு விற்பதிலும் ஐந்து உலோகம் இருக்கிறதா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மேலே போட்ட கணக்கையே அங்கேயும் போட்டுப் பாருங்கள்.

கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால், ஆயுளுக்கும் ஒரே செயின் வேண்டும் என்றால் 925 வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) செய்து அதன் மேல் தங்க முலாம் போட்டுக்கொள்வதுதான் என் தேர்வு. முலாம் போனாலும் வெள்ளி வெள்ளிதான், எடைக்கு விலை உண்டு, எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுமுலாம் போடலாம். அமெரிக்காவில் ‘வெர்மெய்ல்’ என்று சொல்லி விற்க 2.5 மைக்ரான் கனம் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் வெள்ளி விலை இப்போது இருக்கும் இருப்பில் உங்கள் பட்ஜெட்டில் பெரும்பகுதியைச் செயின் ஒன்றே விழுங்கிவிடும்.

தோடு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். செயின் தோலுக்கு மேலேதான் கிடக்கிறது, தோட்டுத்தண்டு தோலுக்கு உள்ளே போகிறது. உங்கள் காது அரிப்பு நிக்கல் ஒவ்வாமையாக இருந்தால் அது லேசில் போகாது, போடப் போட அதிகமாகும். அரித்துச் சிவந்து நீர் கோத்தால் தோல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஐரோப்பாவில் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்று சட்டமே இருக்கிறது, அதிலும் காது, மூக்குத் துளைக்குள் போகும் தண்டுக்கு வரம்பு இன்னும் கடுமை. உங்களிடம் இருக்கும் தோட்டில் நிக்கல் கசிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். டைமெதில்கிளையாக்சைம் என்ற கரைசல் சேர்ந்த நிக்கல் சோதனைக் கிட் விற்கிறார்கள். பஞ்சில் தொட்டுத் தண்டைத் தேய்த்தால், நிக்கல் இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும்.

தண்டும் திருகாணியும் 925 வெள்ளியிலோ டைட்டேனியத்திலோ இருக்கிற தோடு வாங்குங்கள். முகப்பு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கவரிங் தோடே பிடித்திருந்தால் பத்தரிடம் கொடுத்துத் தண்டை மட்டும் வெள்ளியில் மாற்றச் சொல்லலாம், சில பேர் செய்து தருவார்கள். கவரிங் தண்டில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவிக்கொள்வது நம் வீடுகளில் பழகிய உபாயம். ஒரு நாள் கல்யாணத்துக்கு அது உதவும். தினசரிக்கு உதவாது, திருகும்போதே உரிந்துவிடும். பிறகு, வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு விலைகுறைந்த கவரிங் எதையும் போடாதீர்கள். வாயில் வைக்கும். அதில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகம் இருக்காது என்று யாரும் உங்களுக்கு எழுதித் தரப்போவதில்லை.

வளையலுக்கு 5,000-ல் அதிகம் ஒதுக்காதீர்கள் என்பேன். முலாம் நகையிலேயே சீக்கிரம் தேய்வது மோதிரம், அடுத்தது வளையல். மேஜையில் இடிக்கும், பாத்திரத்தில் உரசும், சாக்பீஸ் தூளும் சோப்பும் படும். அதிலும் கண்ணாடி வளையலோடு கலந்து போட்டால் கேட்கவே வேண்டாம், கண்ணாடி தங்கத்தைவிடக் கெட்டி, ஒவ்வொரு அசைவிலும் கீறும். கைக்கு இரண்டு மெல்லிய வளையல் ஒன்றோடொன்று உரசுவதைவிட ஒற்றையாக, தடிமனாக ஒரு வளையல் போட்டால் அதிக நாள் வரும். பள்ளிக்குக் கண்ணாடி வளையலோ வெறுங்கையோ போதும், வாட்ச் இருக்கிறதே.

தாலிக்கொடி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்குப் பயந்து செயினைக் கழற்றுகிறவர் கவரிங் கொடியும் போட்டிருக்க வாய்ப்பு உண்டு என்பதால் சொல்கிறேன். வண்டியில் வந்து இழுப்பவனுக்கு மைக்ரான் தெரியாது. எட்டிப் பார்த்து, மஞ்சளாக இருந்தால் இழுப்பான். தடித்த செம்புக்கொடி சட்டென்று அறாது, கழுத்தை அறுத்துவிடும். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வது இதைவிடப் பத்திரம், செலவும் இல்லை. கவரிங் கொடிதான் வேண்டும் என்றால் மஞ்சள் குளியலுக்கு முன்னால் கழற்றுகிற பழக்கம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஈர மஞ்சளும் குங்குமமும் கண்ணி இடுக்கில் அப்பிக்கொண்டு நாள் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தால் எந்த முலாமும் தாங்காது.

பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பவுடர், சென்ட், தலைக்கு எண்ணெய் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக நகை. வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவது நகை. நல்ல கவரிங்கில் மேலே நிறமில்லாத லேக்கர் ஒரு பூச்சு இருக்கும், சென்ட்டில் இருக்கும் ஆல்கஹால் அதைத்தான் முதலில் கரைக்கும். கழற்றியதும் பழைய வேட்டித்துணி ஒன்றால் பின்கழுத்துப் பக்கத்தையும் கொக்கியையும் துடையுங்கள். இந்த அரை நிமிடம்தான் நகையின் ஆயுளைக் கூட்டுகிறது. வாரம் ஒரு முறை வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அலசி, ஈரம் போக ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே காய வைத்து எடுங்கள். கல் வைத்ததை மட்டும் தண்ணீரில் விடாதீர்கள், கல்லுக்கு அடியில் ஒட்டிய தாளில் நீர் இறங்கினால் கல் கறுத்துவிடும்.

புளி, பல்பொடி, டூத்பேஸ்ட், திருநீறு, சீயக்காய், பேக்கிங் சோடா எதுவும் வேண்டாம். தேய்த்ததும் பளிச்சென்று வரும், உண்மைதான். பேஸ்ட்டும் பொடியும் கறுப்போடு சேர்த்து முலாமையும் சுரண்டி எடுக்கும். புளி, வெளியே வந்த செம்பைத் துலக்கிக் காட்டும். அந்தப் பளபளப்பு செம்புடையது, மறுநாளே முன்னைவிடக் கறுக்கும். வைப்பதற்கு ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் பை, ஒன்றில் ஒரு நகை மட்டும், காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு. கடையில் தரும் பஞ்சு வைத்த டப்பா பார்க்க அழகு, ஆனால் பஞ்சு ஈரம் இழுக்கும். ரப்பர் பேண்ட் சுற்றி வைக்கவே கூடாது, அதில் கந்தகம் உண்டு.

பழைய மூன்று செயினில் 350 ரூபாய்ச் செயினை மறந்துவிடுங்கள். மற்ற இரண்டையும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல், கேமராவில் பார்க்கும்போது குழி விழாமல் வெறும் கறுப்பு மட்டும் என்றால், கனமாகவும் இருந்தால், முலாம் பட்டறையில் காட்டலாம். பழைய லேக்கரை எடுத்து, அமிலத்தில் கழுவி, பாலிஷ் போட்டு, நிக்கலும் தங்கமும் திரும்பப் பூச வேண்டும். சும்மா கறுப்பை எடுத்து அப்படியே தங்கத் தொட்டியில் முக்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், அது ஒரு மாதம் தாங்கினால் அதிகம். ‘அடியிலிருந்து செய்து தாருங்கள், அரை மைக்ரான் போடுங்கள்’ என்று வாயால் கேளுங்கள். கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அந்தச் செயினின் டிசைன் அந்தக் காசுக்குப் பெறுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். குழி விழுந்ததற்குச் செலவு செய்ய வேண்டாம், குழியைப் பாலிஷ் போட்டு எடுப்பதற்குள் கண்ணியே மெலிந்துவிடும்.

தங்கை கல்யாணத்துக்குச் செட் வாங்கவே வேண்டாம். ஆரம், நெக்லஸ், ஒட்டியாணம், வங்கி என்று எல்லாமே இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. மணப்பெண் அலங்காரம் செய்கிறவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள். கெம்புக்கல் வைத்த டெம்பிள் செட்டுகளில் நல்ல வேலைப்பாடு உள்ளதை விலைக்கு வாங்கினால் உங்கள் 5,000-மும் அதற்கே போய்விடும், வருடத்தில் இரண்டு நாள் போட்டுவிட்டு மீதி நாள் பீரோவில் கறுக்கும். தை முகூர்த்தத்துக்குக் கிராக்கி அதிகம், அதனால் கார்த்திகையிலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள். எடுக்கும்போது கடைக்காரர் முன்னாலேயே முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, விழுந்திருக்கும் கற்களைக் காட்டி ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கற்களுக்கும் உங்களிடம் பிடித்துவிடுவார்கள்.